வெயிலில்தான் கடிக்கும் மீன்: தெமெங்கோர் ஏரியில் கயாக் தூண்டில்

பேராக், கெரிக்கிலிருந்து கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் பண்டிங் தீவு வந்துவிடும். சாலைப் பாலத்தின் இருபுறமும் தெரியும் அந்தப் பரந்த தண்ணீர்தான் தெமெங்கோர். வார இறுதிகளில் விடியும் முன்பே, கூரையில் கயாக் கட்டிய கார்கள் அங்கு வந்து நிற்பதைக் காணலாம். ஈப்போ, தைப்பிங், பினாங்கு என்று பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். நம் இளைஞர்களும் இதில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களின் அப்பாக்கள் தோட்டத்துக் கால்வாயிலும் ஈயக்குட்டையிலும் மண்புழு கோத்துக் கெலியும் ஹருவானும் பிடித்தவர்கள். பிள்ளைகள் கயாக்கில் உட்கார்ந்து, செயற்கை இரை வீசி, பீக்காக் பாஸ் தேடுகிறார்கள்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்கு மாநிலங்களில் வெயில் கொளுத்தும் காலம். மழை குறைந்து, ஏரியின் நீர்மட்டம் இறங்கி, மூழ்கிக் கிடந்த மரக்கட்டைகள் தலைகாட்டும். மீன் ஒதுங்கும் இடங்கள் கண்ணுக்குத் தெரிவதால் தூண்டில்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஆண்டிலேயே உடலுக்கு ஆபத்தான மாதங்களும் இவைதாம். மலேசியாவில் இதுவரை பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 40.1 டிகிரி செல்சியஸ். அது பெர்லிஸ், சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி பதிவானது.

அமெரிக்கப் பாடம் இங்கு எடுபடாது

கயாக்கில் பாஸ் மீன் பிடிக்கும் பழக்கம் அமெரிக்க ஏரிகளில் வளர்ந்தது. இங்குள்ள பலரும் அதை யூடியூப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். அங்குள்ளவர்கள் கோடைக்குச் சொல்லும் அறிவுரை எளிமையானது: பகல் வெயிலை விடு, விடியற்காலையிலும் இரவிலும் போ. அவர்கள் ஏரிகளில் வாழும் லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்கு அது சரி. கோடையில் அது மங்கிய வெளிச்சத்தில் நன்றாக இரை தேடும், இரவிலும் கடிக்கும்.

பீக்காக் பாஸ் அந்த ரகமே இல்லை. பெயரில்தான் பாஸ். அது சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. அதாவது நம் சந்தையில் கிடைக்கும் திலாப்பியாவின் உறவினர். பூர்வீகம் தென்னமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ நதிப் படுகைகள். வால் அடியில் மயில் தோகையின் கண்போல வளையமிட்ட கரும்புள்ளி இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. மலாய்த் தூண்டில்காரர்கள் இதை ‘ராஜா’ என்கிறார்கள்.

இது கண்ணை நம்பி வேட்டையாடும் மீன். இருட்டினால் இரை தேடுவதை நிறுத்திவிட்டு, கட்டையோரம் அசையாமல் கிடக்கும். வெளிச்சம் நன்றாக விழுந்த பிறகுதான் சுறுசுறுப்பாகும். ஆகவே வெயிலுக்குப் பயந்து இரவில் போகலாம் என்ற வழி இங்கு அடைபட்டுவிடுகிறது. மீன் வேண்டுமென்றால் மனிதனும் வெளிச்சத்தில் இருந்தாக வேண்டும். காலையில் இரண்டு மீன் கிடைத்தவர், “இன்னும் ஒரு மணி நேரம்” என்று சொல்லிச் சொல்லியே நண்பகலைத் தாண்டிவிடுவதற்கு இதுதான் காரணம்.

தண்ணீருக்குள் நடப்பது என்ன?

தெமெங்கோர் இயற்கை ஏரி அல்ல. பேராக் ஆற்றில் மின்சாரத்துக்காக 1970-களில் கட்டப்பட்ட அணையால் உருவான நீர்த்தேக்கம். ஏறக்குறைய 15,000 ஹெக்டர் பரப்பு. தீபகற்ப மலேசியாவில் திரெங்கானுவின் கென்யீருக்கு அடுத்த பெரிய ஏரி இது. அணை எழுந்தபோது பள்ளத்தாக்கின் காடு அப்படியே மூழ்கியது. இன்றும் பல இடங்களில் பட்ட மரங்கள் தண்ணீருக்கு மேல் கம்பம்போல நிற்கின்றன.

இத்தகைய ஆழமான ஏரியில் வெயில் மேல்பரப்பை மட்டுமே சூடாக்கும். சூடான நீர் இலேசானது என்பதால் மேலேயே நிற்கும். குளிர்ந்த, கனத்த நீர் அடியில் கிடக்கும். காற்று பலமாக அடித்தாலன்றி இரண்டும் எளிதில் கலப்பதில்லை. குளிர்நாட்டு ஏரிகள் இலையுதிர் காலத்தில் குளிர்ந்து, தலைகீழாகப் புரண்டு கலந்துவிடும். நம் நாட்டில் அப்படியொரு குளிர்காலம் இல்லாததால் இந்த அடுக்கு ஆண்டின் பெரும்பகுதி நிலைத்திருக்கிறது.

அடியில் மூழ்கிய மரமும் இலையும் அழுகும்போது அங்குள்ள உயிர்வாயு செலவாகிறது. மேலிருந்து புது உயிர்வாயு இறங்க வழியில்லை. அதனால் ஆழம் குளிர்ச்சியாக இருந்தும் மீன் வாழத் தகுதியற்றுப் போகிறது. அணைக்குக் கீழே சில நேரங்களில் அழுகிய முட்டை வாடை வருவதுண்டு. உயிர்வாயு இல்லாத அடிநீரில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுதான் அது.

மேலேயும் சிக்கல் உண்டு. நீர் சூடாகச் சூடாக அது கரைத்து வைத்துக்கொள்ளக்கூடிய உயிர்வாயு குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9.1 மில்லிகிராம் உயிர்வாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் அது 7.6 மில்லிகிராம்தான். அதேசமயம் சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்குத் தேவைப்படும் உயிர்வாயுவோ கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலைதான்.

ஆக, மேலே கொதிப்பு, கீழே மூச்சு முட்டல். வெயில் ஏறும் நேரத்தில் மீன் இந்த இரண்டுக்கும் நடுவில், நிழல் விழும் கட்டைகளின் பக்கத்தில் போய் ஒதுங்குகிறது. காலை 7.30-லிருந்து 10 மணி வரை சிறுமீன்களைத் துரத்திக் கரையோரம் தண்ணீரைச் சிதறடிக்கும் பீக்காக் பாஸ், நண்பகலில் சில மீட்டர் கீழே இறங்கிவிடும். காலையில் நீர்மட்டத்தில் சத்தமெழுப்பும் பாப்பர் இரைக்குப் பாய்ந்த அதே மீனுக்கு, 11 மணிக்கு மேல் ஈயத்தலை வைத்த ஜிக் இரையைக் கட்டையோரமாக இறக்கி ஆட்ட வேண்டியிருக்கும். நதி ஓடையொன்று ஏரியில் கலக்கும் வாய் தெரிந்தால் அது இன்னும் நல்ல இடம். மலைநீர் குளிர்ச்சியோடு உயிர்வாயுவையும் கொண்டுவருகிறது. செபாராவ் மீன் விரும்பி நிற்பதும் அங்கேதான்.

தோமான் கதை வேறு. நாம் பத்தியத்துக்குச் சமைக்கும் ஹருவானின் பெரிய உறவு அது. தலைக்குள் காற்று மூச்சுக்கென்று தனி அறை உண்டு. சூடான, உயிர்வாயு குறைந்த நீரிலும் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போய்விடும். கொளுத்தும் மதியத்தில் அமைதியான கையொன்றில் ‘குபுக்’ என்று சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் தோமான்தான். சில நேரம் அதன் அருகே சிவந்த குஞ்சுகள் பந்துபோலத் திரண்டு வரும். பெற்றோர் இரண்டும் கீழே காவல் இருக்கும். அந்தப் பந்தின்மேல் இரையை வீசினால் தாயோ தந்தையோ ஆவேசமாகக் கடிக்கும் என்பது எல்லாத் தூண்டில்காரர்களுக்கும் தெரிந்த தந்திரம். பிடித்த மறு நிமிடமே காவலற்ற குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். உள்நாட்டு மீனிடம் அந்தத் தந்திரத்தைக் காட்டாமல் இருப்பது நல்லது.

கயாக்கில் இருப்பவரின் உடம்பு

விசைப்படகில் கூரை இருக்கும், ஓடும்போது காற்று வரும். கயாக்கில் இரண்டும் இல்லை. உட்காருபவர் நீர்மட்டத்தை ஒட்டி இருக்கிறார். மேலிருந்து வெயில், கீழே தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி. தொப்பி போட்டவருக்கும் தாடையின் அடியும் மூக்குத் துளையோரமும் எரிந்து தோல் உரிவது இதனால்தான்.

நம் நாட்டு வெயிலின் தனிக் குணம் அதன் ஈரப்பதம். வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். காற்றிலேயே ஈரம் நிரம்பியிருக்கும்போது வியர்வை வழிகிறதே தவிர காய்வதில்லை. உடம்பு தண்ணீரையும் உப்பையும் இழக்கிறது, குளிர்ச்சி மட்டும் கிடைப்பதில்லை. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் குளுமையாக இருப்பதுபோல ஒரு மயக்கமும் சேர்ந்துகொள்கிறது.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெப்ப நிலையை மூன்று கட்டங்களாக அறிவிக்கிறது. தொடர்ந்து மூன்று நாள்கள் அதிகபட்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரியாக இருந்தால் முதல் கட்டம். 37-லிருந்து 40 வரை போனால் இரண்டாம் கட்டம், அதாவது வெப்ப அலை. 40-ஐத் தாண்டினால் மூன்றாம் கட்டம். இந்த அளவுகள் நிழலில் எடுக்கப்படுபவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏரி நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு நிழல் எங்கே?

முதலில் வருவது வெப்பச் சோர்வு. தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை, கண் இருட்டல். இந்தக் கட்டத்தில் நிழலுக்குப் போய், உடம்பை நனைத்து, சிறிது சிறிதாக நீர் அருந்தினால் மீண்டுவிடலாம். அதைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்தால் வெப்பத் தாக்கம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, மூளை தடுமாறும். பேச்சு குழறும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். தனியாகப் போனவருக்கு இதில் உள்ள பெரிய ஆபத்து, தமக்குத் தடுமாறுகிறது என்பதே அவருக்குத் தெரியாது. மலேசியாவில் 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் வெப்பத் தாக்கத்தால் உயிரிழப்புகள் பதிவாயின. இறந்தவர்களில் இளவயதினரும் உண்டு.

நண்பர் ஒருவர் அந்த நிலைக்குப் போனால் மருத்துவ உதவி வரும்வரை காத்திருக்கக் கூடாது. குளிர்விப்பதுதான் முதல் வேலை. கரையில் நிழலில் கிடத்தி, ஏரித் தண்ணீரை அள்ளி உடம்பெங்கும் ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் பெட்டி இருந்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் ஐஸ் வைக்கலாம். நினைவு தடுமாறியவருக்கு வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். 999-ஐ அழைக்க வேண்டும். தெமெங்கோரின் உட்கைகளில் தொலைபேசி அலை கிடைக்காத இடங்கள் உண்டு என்பதால், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று படகுத்துறையிலோ வீட்டிலோ முன்பே சொல்லி வைப்பது அவசியம்.

குடிநீர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. கயாக்கில் எடை கூடும் என்று ஒரே ஒரு பாட்டிலோடு இறங்குபவர்கள் உண்டு. நான்கு மணி நேரத்துக்கு ஒருவருக்கு மூன்று லிட்டராவது வேண்டும். தாகம் வரும்வரை காத்திராமல் கால் மணிக்கு ஒருமுறை சில மிடறு குடிக்க வேண்டும். வியர்வையில் உப்பும் போவதால் வெறும் தண்ணீர் போதாது. இளநீர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புக்கரைசல் பொடி ஆகியவற்றில் ஏதாவதொன்று கூட இருக்கட்டும். ஏரி நீரைத் தொப்பியில் மொண்டு தலையில் ஊற்றலாம், குடிக்கக் கூடாது. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் இத்தகைய நீர்நிலைகளில் தொற்ற வாய்ப்புண்டு. கையில் காலில் வெட்டுக்காயம் இருந்தால் அதை மூடிக்கொண்டு இறங்க வேண்டும்.

உயிர்காப்பு அங்கி பற்றி ஒரு வார்த்தை. புழுக்கமாக இருக்கிறது என்று அதைக் கழற்றி முதுகுப்பக்கம் சொருகி வைப்பதுதான் வெயில் காலத்தில் அதிகம் காணப்படும் தவறு. நூறு மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள பகுதிகள் கொண்ட ஏரி இது. கவிழ்ந்த கயாக்கைப் பிடித்து மீண்டும் ஏறுவது, பழகாதவருக்குக் கரையிலேயே கடினம். களைத்துப்போன உடம்போடு, நீர் நடுவில், முதன்முறையாக முயன்று பார்க்கும் காரியமல்ல அது. மேல்முதுகில் வலை வைத்த, கயாக்குக்கென்றே தைத்த அங்கிகள் கடைகளில் கிடைக்கின்றன. புழுக்கம் பாதியாகக் குறையும்.

திரும்பும் நேரத்தைத் தீர்மானிப்பது

துடுப்புப் போடும் கயாக் ஒன்று மணிக்கு நான்கு அல்லது ஐந்து கிலோமீட்டர் போகும். எதிர்காற்று வந்தால் அதில் பாதிதான். காலைக் குளிர்ச்சியில் ஆறு கிலோமீட்டர் சுலபமாகப் போய்விட்டவர், அதே ஆறு கிலோமீட்டரை நண்பகலில், எதிர்காற்றில், கை சோர்ந்த நிலையில் திரும்ப வேண்டும். அனுபவப்பட்டவர்கள் போகும்போது காற்றை எதிர்த்துப் போகிறார்கள். வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். தூரத்தையும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.

மாலையில் மீண்டும் மீன் கடிக்குமே என்று கேட்கலாம். கடிக்கும், 4 மணிக்கு மேல் நன்றாகவே கடிக்கும். ஆனால் பகல் முழுவதும் ஏறிய சூடு மேகமாகத் திரண்டு இடி மின்னலாக இறங்குவதும் அந்த நேரத்தில்தான், அதிலும் ஏப்ரல் பருவமாற்றக் காலத்தில். திறந்த நீர்ப்பரப்பில் ஆக உயரமான பொருள் கயாக்கில் இருப்பவரும் அவர் நட்டு வைத்திருக்கும் தூண்டில் கோலும்தான். இன்றைய கோல்கள் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனவை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். இடிச்சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று பொருள். கோல்களைப் படுக்க வைத்துவிட்டு அருகிலுள்ள கரைக்குப் போக வேண்டும். பட்ட மரத்தில் கயாக்கைக் கட்டி அதன் அடியில் ஒதுங்குவது இரட்டை ஆபத்து. மின்னல் அதைத்தான் தேடும். காற்றில் உளுத்த கிளையும் விழும். அந்த மரப்பொந்துகளில் குளவிக் கூடுகளும் இருக்கும்.

ஆகவே வெயில் மாதங்களில் விவேகமான திட்டம் ஒன்றுதான்: 7.15-க்கு இறங்கி, 11 மணிக்குள் கரையேறுவது. மிச்சமிருக்கும் மீன் ஏரியில்தான் இருக்கும்.

பிடித்த மீனை என்ன செய்வது?

இங்கேதான் இந்தப் பொழுதுபோக்கு ஒரு சங்கடத்தில் வந்து நிற்கிறது. பிடித்துப் படம் எடுத்துவிட்டு விடுவிப்பது தூண்டில் விளையாட்டின் நாகரிகம் என்று கற்றுத் தரப்படுகிறது. கெலா, செபாராவ், தோமான் போன்ற நம் மீன்களுக்கு அது மிகப் பொருத்தம். வெயிலில் நீண்ட நேரம் போராடிய மீன் ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். சீக்கிரம் இழுத்து, ஈரக் கையால் பிடித்து, முடிந்தவரை தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றி விட்டால் பிழைக்கும். சூடேறிய கயாக் தளத்தில் கிடத்திப் பத்துப் படம் எடுத்துவிட்டு விட்டால் பிழைப்பது சந்தேகம்.

பீக்காக் பாஸுக்கு அதே நாகரிகம் பொருந்துமா? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், அயல் மீன்களைக் கட்டுப்படுத்த 1984-இல் அரசே இதைக் கால்வாய்களில் விட்டது. அங்கு அதற்கு ஓர் இயற்கை வேலி இருக்கிறது. தண்ணீர் 15, 16 டிகிரிக்குக் கீழே போனால் இந்த மீன் சாகும். அதனால் தெற்கு ஃபுளோரிடாவைத் தாண்டி வடக்கே அது பரவ முடியவில்லை. 2010 ஜனவரிக் குளிரில் அங்கேயே நிறைய மடிந்தன.

நம் ஏரிகளில் அந்த வேலி கிடையாது. மனிதனை வாட்டும் இதே வெப்பம் அதற்குச் சொந்த ஊர்ச் சூழல். ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டையையும் குஞ்சையும் காப்பதால் பெருக்கமும் சுலபம். குளிரில்லாத நாட்டில் இது என்ன செய்யும் என்பதற்குப் பனாமாவின் கட்டூன் ஏரி சாட்சி. 1960-களின் பிற்பகுதியில் குட்டையொன்றிலிருந்து தப்பிய பீக்காக் பாஸ் அங்கு பரவியது. சில ஆண்டுகளிலேயே முன்பு சாதாரணமாகக் கிடைத்த உள்ளூர் மீன் இனங்களில் பெரும்பாலானவை ஏரியிலிருந்து காணாமற்போயின. 1973-இல் வெளிவந்த அந்த ஆய்வு இன்றும் இத்துறையில் மேற்கோள் காட்டப்படுகிறது. மீன் உண்ணும் பறவைகளும் அங்கு குறைந்தன.

தெமெங்கோரில் பிடிப்பதற்கும் உண்பதற்கும் உள்ளூர் மீன்களை நம்பியிருப்பவர்கள் ஓராங் அஸ்லி மக்கள். ஏரிக்கரையிலும் உட்காடுகளிலும் ஜஹாய், தெமியார் குடும்பங்கள் வாழ்கின்றன. நகரத்திலிருந்து வருபவருக்கு இது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு, அவர்களுக்கு இராச்சோறு. அதோடு இந்த ஏரி தனித்திருப்பதுமல்ல. பேராக் ஆற்றில் இதற்குக் கீழே பெர்சியா, கெனெரிங், செண்டெரோ என்று அடுத்தடுத்து அணை நீர்த்தேக்கங்கள் உள்ளன. மேலே பெருகுவது கீழேயும் போகும்.

ஆகவே ‘ராஜா’வை விடுவிப்பதைவிடச் சமைப்பதே ஏரிக்குச் செய்யும் உபகாரம். அதைவிட முக்கியம், உயிரோடு எடுத்துப்போய் வீட்டருகே உள்ள குட்டையிலோ ஆற்றிலோ விடாமலிருப்பது. நாட்டில் இது இத்தனை ஈயக்குட்டைகளுக்குத் தானாக நீந்திப் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. யாரோ வாளியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் நீர்த்தேக்கங்களில் இப்படி உயிரினங்களை விடுவது சட்டப்படி குற்றம். தெமெங்கோரின் வடக்கே ரோயல் பெலும் வனப்பூங்காவுக்குள் நுழைய முன்அனுமதி வேண்டும் என்பதையும் கயாக்கில் போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். பூங்கா எல்லைக்குள் தூண்டில் போடுவதற்கான விதிகளைப் பேராக் மாநிலப் பூங்காக் கழகத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

பீக்காக் பாஸின் சதை வெள்ளையாக, உறுதியாக, முள் குறைவாக இருக்கும். பிடித்தவுடன் இரத்தத்தை வடித்து ஐஸில் போடவில்லை என்றால் இந்த வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே சதை குழைந்துவிடும். மஞ்சள், மிளகாய், உப்புத் தடவிப் பொரிக்கலாம். புளி தூக்கலாக வைத்த குழம்பில் துண்டு உடையாமல் நிற்கும். மலாய்க்காரர்கள் வைக்கும் அசாம் பெடாஸுக்கும் நன்றாக ஒத்துவரும். காலை 11 மணிக்குக் கரையேறியவர் மதியச் சாப்பாட்டுக்கே இதைச் சமைத்துவிடலாம்.